மூடுமுன் ஏற்றும் விளக்கு

ஜொகூர் மாநிலத்துச் சிகாமட் மாவட்டத்தில் அமைந்துள்ள லாபிஸ், கடல் காணாத ஊர். புகைவண்டிப் பாதையும் நெடுஞ்சாலையும் ஊடே செல்ல, தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர் அது. ஒரு காலத்தில் அத்தோட்டங்களில் இரப்பர் மரங்கள் நிரை நிரையாக நின்றன; இன்று செம்பனையே மிகுதி. அங்கே காற்று வீசினால் கேட்பது கீற்றுகளின் சலசலப்பே. அத்தகைய ஊரில் ஒருவர் போர்க்கப்பல் கட்டினார் என்று கூறினால், கேட்போர் நகைக்கக்கூடும். ஆயினும் தாமான் வீடு ஒன்றின் பின்னறையில் ஒரு கப்பல் உருவாகத்தான் செய்தது. அது பிளாஸ்டிக்கினால் ஆனது, மேசைமீது அடங்குவது, நீரில் மிதவாதது. எனினும், அதனைக் கட்டி அதனுள் விளக்கேற்றிய முதியவரின் ஈராண்டு உழைப்பு, கப்பலுக்கு அப்பாலும் நம் எண்ணத்தைச் செலுத்துகிறது.

அவர் எழுபதைக் கடந்தவர். தோட்டத்தில் பிறந்து, தோட்டங்களிலேயே வயர்மேன் என்று அழைக்கப்பெறும் மின்பணியாளராகப் பல்லாண்டு உழைத்து, ஓய்வு பெற்றபின் மகன் வீட்டில் வாழ்பவர். சிங்கப்பூரில் பணிபுரியும் மகன், ஒரு தீபாவளிக்குப் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை வாங்கி வந்து தந்தையின் முன் வைத்தான். "சும்மா இருக்கப் பிடிக்காது என்பீர்களே அப்பா, இதைக் கட்டிப் பாருங்கள்" என்றான். பெட்டியினுள் இருந்தது, பிரான்சு நாட்டு ஹெல்லர் நிறுவனம் நூற்றில் ஒரு பங்கு அளவில் வார்த்தளித்த 'விக்டரி' என்னும் பாய்மரப் போர்க்கப்பல். உறுப்புகள் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்டவை. அவற்றுள் சில, அரிசி மணியினும் சிறியவை.

பிளாஸ்டிக் உறுப்புகளை ஒட்டிக் கப்பல் கட்டும் பொழுதுபோக்கு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேலை நாடுகளில் பரவியது. இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1952-இல் 'கோல்டன் ஹைண்ட்' என்னும் பழங்கப்பலின் உறுப்புகளைச் சிறு விலைக்குக் கடைகளில் விற்கத் தொடங்கியது. அதுவரை மரத்தைச் செதுக்கத் தெரிந்த சிலருக்கே உரியதாயிருந்த கலை, பிறகு பள்ளிச் சிறுவர்க்கும் எட்டியது. இதற்குரிய பசையும் வெறும் பசையன்று. அது பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைச் சற்றே உருக்கி, இரண்டு உறுப்புகளையும் ஒன்றாக்கிவிடும். ஒட்டியபின் பிரிக்க எண்ணினால் உடைக்கத்தான் வேண்டும். முதியவரின் கதையில் இச்செய்தி பின்னர்ப் பெரிதாகும்.

உண்மையான 'விக்டரி', இங்கிலாந்தின் சாத்தம் துறையில் 1759-இல் அடிக்கட்டை இடப்பெற்று, 1765-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் நீரில் இறங்கியது. ஏறத்தாழ 6,000 மரங்கள், பெரும்பாலும் ஓக் மரங்கள், அதற்கு இரையாயின. 1805-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் நிகழ்ந்த திராபல்கர்க் கடற்போரில் தளபதி நெல்சன் உயிர் நீத்தது இக்கப்பலில்தான். அன்று அதில் 104 பீரங்கிகளும் எண்ணூறுக்கு மேற்பட்ட மாந்தரும் இருந்தனர். கீழ்ப் பீரங்கித் தளத்தின் நீளம் 186 அடி. நூற்றில் ஒரு பங்காகக் குறுகும்போது அது ஈரடிக்கும் குறைவு. அந்த அளவில் ஒரு மனிதனின் உயரம் இரண்டு சென்டிமீட்டரைக்கூட எட்டாது. 1922 முதல் அக்கப்பல் போர்ட்ஸ்மவுத்தின் உலர்துறையில் நிலைநிறுத்தப்பட்டுக் காக்கப்பெற்று வருகிறது.

பெரும்பாலோர் இத்தகைய கப்பலைக் கட்டி, வண்ணம் தீட்டி, பாய்மரங்களுக்குக் கயிறு பூட்டிக் கண்ணாடிப் பேழையுள் வைப்பதோடு மனநிறைவு கொள்வர். அம்முதியவருக்கு அது போதவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் பொன்வண்ண வேலைப்பாடும் பீரங்கிச் சாளரங்களுமே தெரிகின்றன. அவை அரசனின் கப்பலைக் காட்டுகின்றன. உள்ளே வாழ்ந்தோர் எங்கே? ஒரு தொங்குபடுக்கைக்கு 14 அங்குல அகலமே ஒதுக்கப்பெற்ற தளங்களில், பீரங்கிகளுக்கு நடுவே உண்டு உறங்கியவர்கள் எங்கே? உள்ளே ஒளி இல்லாவிடில் அவர்கள் இருந்த இடம் வெறும் கருந்துளை. பல்லாண்டு பிறர் வீடுகளுக்கு மின்கம்பி இழுத்த கை, கப்பலுக்கும் இழுக்க முற்பட்டது இயல்பே.

ஆனால், சிறு கப்பலுக்கு ஒளியூட்டுதல் எளிய செயலன்று. முற்காலத்தில் இதற்குப் பயன்பட்ட கோதுமை மணி அளவிலான பல்புகள் சூடேறி, அருகிலுள்ள பிளாஸ்டிக்கை இளகச் செய்யும். இன்று கிடைக்கும் எல்.இ.டி. விளக்குகள் மிகக் குறைந்த வெப்பமே வெளியிடுவதால், மூடிய அறைக்குள்ளும் அவற்றை வைக்கலாம். வெண்மையொளி தரும் விளக்கொன்று சுமார் 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும். 12 வோல்ட் மின்வழங்கியில் மூன்று விளக்குகளை வரிசையாகக் கோத்தால் 9 வோல்ட் செலவாகும். எஞ்சிய 3 வோல்ட்டை 300 ஓம் மின்தடை ஒன்று ஏற்க, 10 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் பாயும். இவ்வாறு மும்மூன்றாகக் கோத்த குழுக்களைத் தனித்தனியே இணைத்தால், ஒரு குழு அணைந்தாலும் மற்றவை எரியும். லயத்து வீடுகளுக்குக் கம்பி இழுத்த காலத்தில் அவர் கைக்கொண்ட முறையும் இதுவே. ஒருவர் வீட்டுக் கோளாற்றினால் லயம் முழுவதும் இருளக் கூடாது என்பது அவர் கொள்கை.

வேறு இடையூறுகளும் இருந்தன. மெல்லிய பிளாஸ்டிக் ஒளியை மறைப்பதில்லை. உள்ளே விளக்கேற்றினால் கப்பலின் சுவரே காகிதக் கூண்டுபோல் ஒளிரும். ஆதலின் உட்புறம் முழுவதும் முதலில் கரிய வண்ணம் தீட்டி, அதன்மேல் வெள்ளை பூச வேண்டும். கருமை ஒளியை வெளியே விடாது. வெண்மை அதனை உள்ளேயே பரப்பும். ஒட்டிய இடுக்குகளில் கசியும் ஒளியையும் அடைத்தல் வேண்டும். விளக்கின் நிறமும் எண்ணத்தக்கது. கடை வீதியின் வெள்ளொளி, மெழுகுவத்தியால் வாழ்ந்த கப்பலுக்குப் பொருந்தாது. எனவே ஒவ்வொரு விளக்கின்மீதும் மஞ்சள் வண்ணத்தை மெலிதாகப் பூசி, இருளை முற்றும் அகற்றாத மங்கிய ஒளியாக அதனை மாற்றினார். கப்பலின் பின்புறத்து மூன்று பெருங்கூண்டு விளக்குகளுக்கும் தலைமயிர் போன்ற செப்புக் கம்பிகளைச் செலுத்தினார். எல்லாக் கம்பிகளும் அடிப்பீடத்தின் வழியே வெளியேறின.

இவ்வேலைக்கெல்லாம் தலையாய விதி ஒன்று உண்டு. கீழ்த்தளத்து விளக்கை, மேல்தளத்தை ஒட்டுமுன் வைத்தாக வேண்டும். கப்பல் அடியிலிருந்து மேல்நோக்கி வளர்வது. மூடிய தளத்திற்குள் பிறகு கைபுகாது. எங்கே ஒளி வேண்டும் என்று முன்னரே எண்ணாதவர், முடிவில் அழகிய இருட்டறைகளைக் கட்டியவராவார்.

அக்கப்பலின் விளக்குகளுள் ஒன்றைப் பற்றித் தனியே கூறல் வேண்டும். பாய்மரப் போர்க்கப்பலில் வெடிமருந்துக் கிடங்கு, நீர்மட்டத்திற்குக் கீழே, பகைவர் குண்டு எட்டாத ஆழத்தில் இருக்கும். அங்கே கதிரொளி புகாது. விளக்கைக் கொண்டு சென்றாலோ கப்பலே வெடித்துச் சிதறும். ஒளியின்றி மருந்தை அளந்து எடுப்பதும் இயலாது. இதற்குக் கண்ட வழி வியப்பிற்குரியது. கிடங்கை ஒட்டி விளக்கறை என்று தனியறை அமைத்தனர். அவ்வறையில் விளக்கு எரியும்; இடைச்சுவரில் பதித்த கண்ணாடி வழியாக ஒளி மட்டும் கிடங்கினுள் செல்லும்; தீ செல்லாது. கிடங்கில் பணிபுரிவோர், தீப்பொறி எழாதிருக்க மென்கம்பளிக் காலணி அணிந்து நடந்தனர். ஒளி வேண்டும், ஆயினும் தீ அணுகலாகாது என்ற இக்கட்டிற்கு ஒரு கண்ணாடித் துண்டு விடையாயிற்று.

பெட்டியில் அவ்விளக்கறைக்குரிய உறுப்பு எதுவும் இல்லை. பேத்தி, தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு பயில்பவள், கைப்பேசியில் தேடி அதன் அமைப்பைப் படித்துச் சொன்னாள். முதியவர் பிளாஸ்டிக் தகட்டை வெட்டிக் கிடங்கையும் விளக்கறையையும் தாமே அமைத்தார். அவை கண்ணில் படும்பொருட்டு, கப்பலின் ஒரு பக்கச் சுவரில் நீர்மட்டத்திற்குக் கீழே சிறு சதுரம் வெட்டினார். மறுபக்கம் முழுமையாய் இருந்தது. ஒருபுறம் நின்றால் அரசனின் கப்பல். மறுபுறம் சென்றால் உழைத்தவரின் கப்பல்.

இரு தளங்களை ஒட்டி முடித்த ஒரு மாலையில் விளக்கறை இருண்டது. கம்பியை வளைத்தபோது ஈயப்பற்று விட்டிருக்க வேண்டும். வெட்டிய சதுரத்தின் வழியே விரல் நுழையாது. மகன், "மற்ற விளக்குகள் எல்லாம் எரிகின்றனவே அப்பா, இந்த ஒன்று எரியாவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?" என்றான். முதியவர் மறுமொழி கூறவில்லை. மறுநாள் காலை கூரிய கத்தியை எடுத்து இரு தளங்களையும் அறுத்துப் பெயர்த்தார். மூன்று வார உழைப்பு வீணாயிற்று. அறுத்த தளங்கள் மீண்டும் சீராகப் பொருந்தவில்லை. தழும்பு இன்றும் தெரிகிறது. பற்றைச் சரிசெய்து, ஒரு நாள் முழுதும் விளக்கை எரியவிட்டுப் பார்த்த பின்னரே மீண்டும் மூடினார். "மூடிய பிறகு திறந்தால் தழும்பு விழுகிறது. மூடுமுன் பார்த்திருக்க வேண்டும்" என்று மட்டும் பேத்தியிடம் சொன்னார்.

கப்பல் வளர வளர, பேத்தியின் வினாக்களும் வளர்ந்தன. "தாத்தா, இந்தக் கப்பலில் நம்மவர்கள் இருந்தார்களா?" என்று ஒருநாள் கேட்டாள். சிறுமியின் வினாவாயினும் பெரியோர் விடை தேடத்தக்க வினா அது.

திராபல்கர்ப் போரின்போது 'விக்டரி'யில் பல நாட்டவர் இருந்தனர். இந்தியாவிலிருந்து வந்தோரும் அப்பட்டியலில் உண்டு. அதனினும் பெரிய செய்தி மற்றொன்று. ஐரோப்பியப் போர்களால் ஓக் மரம் அருகியபோது, பிரிட்டிஷ் கடற்படை பம்பாயில் தேக்கு மரத்தால் போர்க்கப்பல்களைக் கட்டுவித்தது. வாடியா குலத்துப் பார்சி கைவினைஞர் ஜம்செட்ஜி பொமன்ஜி அவற்றைக் கட்டினார். அவர் கட்டிய 'கார்ன்வாலிஸ்' 1813-இல் நீரில் இறங்கியது. 1842-இல் சீனாவுடன் நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தானது அக்கப்பலின் மீதே. 1817-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் நீரில் இறங்கிய மற்றொரு கப்பலின் பெயர் 'திரிங்கமாலி'. ஆங்கிலேயர் நாவில் அவ்வாறு திரிந்தது, ஈழத்துத் திருகோணமலையே. 1782-இல் அத்துறைமுகத்தை அடுத்த கடலில் நிகழ்ந்த போரின் நினைவாக இடப்பெற்ற பெயர் அது. மலபார்த் தேக்கினால் ஆன அக்கப்பல், இருநூறு ஆண்டுகள் கடந்தும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் நீரிலேயே மிதந்துகொண்டிருக்கிறது. தமிழூரின் பெயரை நெற்றியில் தாங்கிய போர்க்கப்பல் ஒன்று இன்றும் நிலைத்திருப்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அக்கப்பலின் பிறப்பில் நிகழ்ந்த ஓர் இடர் நம் கருத்தில் பதியத்தக்கது. அதற்குரிய வரைபடங்கள், 'ஜாவா' என்னும் கப்பலில் பம்பாய்க்கு அனுப்பப்பெற்றன. 1812-ஆம் ஆண்டு இறுதியில், பிரேசில் நாட்டுக் கரைக்கு அப்பால், அமெரிக்கரின் 'கான்ஸ்டிடியூஷன்' கப்பல் 'ஜாவா'வை வென்றது. 'ஜாவா' எரிந்தழிய, வரைபடங்களும் அழிந்தன. ஆயினும் கப்பல் பிறவாமற் போகவில்லை. மீண்டும் ஒரு படி பம்பாய்க்கு அனுப்பப்பெற்றது. ஒரு படி அழிந்தாலும் மறுபடி எடுக்க மூலம் இருந்தது. அதனால் கப்பலும் உருவாயிற்று. 'விக்டரி' காலத்துக் கடற்படை வரைபடங்களும் இங்ஙனமே பேணப்பெற்று, கிரீனிச் நகரத்துக் கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ளன. இரண்டரை நூற்றாண்டுக்கு முன் கட்டிய கப்பலை, இன்று லாபிசில் ஒரு முதியவர் அங்குலம் பிசகாமல் கட்ட முடிந்ததற்கு முதற்காரணம் பிளாஸ்டிக் அன்று, பாதுகாத்த தாள்களே.

நம் கப்பல்களின் நிலை என்ன? இராசேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டளவில் கடல் கடந்து கடாரம் வென்றதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுப் பேசுகிறது. வென்ற ஊர்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லும் அக்கல்வெட்டு, சென்ற கப்பலின் நீளத்தையோ அகலத்தையோ சொல்லவில்லை. அவற்றை வரைந்த ஓலையேதும் நமக்கு எட்டவில்லை. ஆதலின் சோழர் கப்பல் என்று இன்று ஒருவர் எதைச் செய்தாலும், அதில் பாதி கற்பனையாகவே இருக்கும். பெருமையை முழங்க நாம் தவறியதில்லை. அளவைக் குறித்து வைக்கத்தான் தவறினோம்.

தொலைவிலுள்ள சோழரை விடுவோம். அம்முதியவரின் தந்தையை இந்நாட்டிற்குக் கொண்டுவந்தது 'ரஜூலா' கப்பல். 1926-இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பெற்ற அந்நீராவிக் கப்பல், ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்குமாய் உழைத்து, 1974-இல் உடைக்கப்பெற்றது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தோர் எண்ணற்றோர். 'விக்டரி'யின் மாலுமிக்குக் கிடைத்த 14 அங்குலத்தைப் பற்றி முதியவர் படித்தபோது, தம் தந்தை சொன்ன கப்பற் கதையே நினைவிற்கு வந்ததாகக் கூறினார். அக்கப்பலுக்கேனும் படங்கள் எஞ்சியுள்ளன. அதிலிருந்து இறங்கியோர் சென்றடைந்த லயங்களுக்கு என்ன எஞ்சியுள்ளது? முதியவர் பிறந்த லயம் இன்று இல்லை. தோட்டம் கைமாறிற்று, இரப்பர் மரம் செம்பனையாயிற்று, மக்கள் தாமான்களுக்குப் பெயர்ந்தனர், வீடுகள் இடிக்கப்பெற்றன.

கப்பல் முடிந்த இரவு, வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு அதன் விளக்குகளை ஏற்றினர். பீரங்கிச் சாளரங்கள் தோறும் மஞ்சள் ஒளி தோன்றியது. அறுத்துச் சீராக்கிய விளக்கறையும் கிடங்கும் சதுரத்தின் வழியே தெரிந்தன. பேத்தி நெடுநேரம் அப்பக்கத்தையே பார்த்திருந்தாள். பின், "தாத்தா, அடுத்து உங்கள் லயத்தைக் கட்டுவோமா? அதிலும் விளக்கு வைப்போம்" என்றாள். "பெட்டி எங்கே கிடைக்கும்?" என்று சிரித்தார் முதியவர். சிரிப்பு அடங்கியபின் அவருக்கே புரிந்தது: எந்தக் கடையிலும் அது கிடைக்காது; வரைபடமும் எங்கும் இல்லை. இருக்குமாயின், தம் நினைவில்தான் இருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு பெரிய தாளை விரித்தார். பழைய தோட்டத்து நண்பர் மூவர் வந்து அமர்ந்தனர். லயத்தில் எத்தனை வீடுகள், முன்திண்ணை எத்தனை அடி, பெரட்டுக் களம் எங்கே, பால் கொட்டகை எங்கே, ஆயாக் கொட்டகைக்குப் பின் நின்ற மரம் எது என்று ஒருவர் சொல்ல மற்றவர் திருத்தினார். ஒளியைப் பற்றிய செய்திகளை மின்பணியாளரே அறிவார். எந்த வீட்டில் எத்தனை விளக்கு, மின்னாக்கி எந்நேரம் நிறுத்தப்பெறும், நின்றபின் எவ்வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கு எரியும் என்பவற்றை எல்லாம் பேத்தி குறித்துக்கொண்டாள். தேர்வுக்குப் படித்த பிள்ளைகள் இருந்த வீடுகளில்தான் அவ்விளக்கு நெடுநேரம் எரிந்தது என்று அவர் சொன்னபோது, நண்பர்கள் அவ்வீடுகளின் பெயர்களைச் சொன்னார்கள்.

குழாயடியைப் பற்றி மட்டும் கருத்து ஒன்றுபடவில்லை. லயத்தின் கிழக்கே என்றார் ஒருவர். மேற்கே என்றார் மற்றொருவர். ஐயமின்றிச் சொல்லக்கூடியவர், அக்குழாயைப் பதித்த பணியாளர். அவர் முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். பேத்தி அவ்விடத்தைப் புள்ளிக்கோட்டினால் வரைந்தாள்.

நம் நாட்டின் தோட்டங்களில் வாழ்ந்து மறைந்த தலைமுறைகளைப் பற்றி உணர்ச்சியோடு பேசுவோர் பலர். அளவோடு எழுதிவைப்போர் சிலரே. கண்ணீர் நினைவைப் பெருக்கும். அளவே அதனைக் காக்கும். ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியிலும், ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டு முதியவர் ஒருவரிடம் கேட்டு, அவர் பிறந்த இடத்தின் வரைபடம் ஒன்றை எழுதிவருவானாயின், சில ஆண்டுகளில் ஒரு பெருங்கருவூலம் சேர்ந்துவிடும். ஒன்றுக்கு இரண்டு படிகளாக எடுத்து வைத்தல் நலம். ஒன்று அழிந்தாலும் மற்றொன்று நிற்கும். சொல்லக்கூடியவர்கள் எழுபதையும் எண்பதையும் கடந்துகொண்டிருக்கின்றனர். மேல்தளம் ஒட்டப்படும் நேரம் இது. லாபிசில் உள்ள அத்தாளில் ஒரு புள்ளிக்கோடு மட்டுமே இருக்கிறது. இன்னும் பத்தாண்டு தாழ்த்தினால், தாள் முழுவதும் புள்ளிக்கோடாகவே இருக்கும்.